ரம்பத்தால் அறுத்தால் வேகமாக வளரும் பவளம்! வீட்டுத் தொட்டிகளில் நடக்கும் விசித்திரச் சோதனை

சுண்ணாம்புத் தண்ணீர், ஆப்பச் சோடா, நீல விளக்கு, அறுவை ரம்பம்.

இந்த நாலையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? பவளம் வளர்க்கலாம்! கடலுக்குள் அல்ல. வீட்டு ஹாலில், கண்ணாடித் தொட்டிக்குள்!

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஆயிரக்கணக்கான பேருக்கு இதுதான் பொழுதுபோக்கு. ஆபீசு விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நேராகத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நேற்றைக்கு இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பூதக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

"என்னய்யா இது, கல்லு போய் வளருமா?" என்று கேட்கத் தோன்றும். வளரும்!

கல் அல்ல, பூச்சி!

பவளம் என்பது வெறும் கல் அல்ல. குண்டூசித் தலை அளவு உயிர்கள் லட்சக்கணக்கில் ஒன்றாகக் குடியிருக்கும் காலனி அது. பவளப் பூச்சி என்று அதைச் சொல்வார்கள். கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தன் காலுக்குக் கீழே தானே வீடு கட்டிக்கொள்ளும். மேல் தோல்தான் உயிர். உள்ளே இருப்பதெல்லாம் வீடு.

கொத்தனாரும் அதுவே, குடியிருப்பவரும் அதுவே!

ஆனால் வேலை நடக்கும் வேகம் இருக்கிறதே, அதுதான் ஆமை வேகம். உருண்டையாக வளரும் ஜாதி ஓர் ஆண்டு முழுக்கப் பாடுபட்டாலும் சுமார் 1 சென்டி மீட்டர்தான் உயரும். மான் கொம்பு போலக் கிளைவிடும் ஜாதி கொஞ்சம் சுறுசுறுப்பு. ஆண்டுக்கு 10 சென்டி மீட்டர் அளவுக்கு நீளும்.

அதற்குள் பொறுமை போய்விடாதா? போகத்தான் செய்யும். அதனால்தான் "இதை எப்படி வேகமாக வளர்ப்பது?" என்ற சோதனையில் ஆளாளுக்கு இறங்கினார்கள்.

ஜகார்த்தாவில் போட்ட பிள்ளையார் சுழி

முதலில் பவளத்தைத் தொட்டியில் சாகாமல் வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. கடலில் இருந்து எடுத்து வந்தால் சில வாரங்களில் வெளுத்துச் செத்துவிடும்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் ஒரு காரியம் செய்தார். கடல் தண்ணீர், வெயில் வெளிச்சம், காற்றுக் குமிழி, கடலில் இருந்து அப்படியே எடுத்த உயிருள்ள பாறை. இவ்வளவுதான் அவருடைய தொட்டி. வேறு வடிகட்டி எதுவும் கிடையாது. பாறையில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்களே தண்ணீரைச் சுத்தம் செய்தன. பவளமும் பிழைத்தது. 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் இதை அவர் எழுதினார்.

அடுத்து ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1980-களில் பெர்லினைச் சேர்ந்த டீட்ரிச் ஸ்டூபர் தொட்டியில் ஒரு கிளைப் பவளம் செழித்து வளர்ந்தது. அதை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வளர்த்து, ஒடித்து, தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். முருங்கைக் கொம்பு ஒடித்து நடுவது மாதிரிதான்! ஒரு தொட்டிப் பவளத்தின் வாரிசுகள் ஊர் ஊராகப் பரவின. அந்த ஜாதிக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு!

பவளம் வேகமாக வீடு கட்ட வேண்டுமானால், சுண்ணாம்புச் சத்து தட்டுப்படக் கூடாது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லி கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியம் இருக்கிறது. பெருங்கடலில் எடுக்க எடுக்கக் குறையாது. வீட்டுத் தொட்டியில்? நன்றாக வளரும் பவளம் சில நாளிலேயே சத்தை உறிஞ்சிவிடும். பிறகு வளர்ச்சி நின்றுவிடும்.

இதற்கு சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கன்ஸ் 1970-களில் பரப்பிய வைத்தியம் என்ன தெரியுமா? சுண்ணாம்புத் தண்ணீர்! நம் ஊரில் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். சுத்தமான சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட வேண்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதுவும் ராத்திரியில் விட்டால் நல்லது. சுண்ணாம்புத் தண்ணீரின் காரம் கடுமையானது. அவசரப்பட்டு ஒரு சொம்பு மொத்தமாக ஊற்றினால் தொட்டி முழுக்க வெள்ளை வெளேரென்று பொடி படிந்துவிடும். மறுநாள் காலையில் பவளம் மட்டுமல்ல, மீனும் மிதக்கும்!

சுண்ணாம்பு மட்டும் போதாது என்று கண்டவர்கள் ஆப்பச் சோடாவுக்கு வந்தார்கள். ஒரு பாட்டிலில் கால்சியம் உப்புக் கரைசல். இன்னொரு பாட்டிலில் ஆப்பச் சோடாக் கரைசல். இரண்டையும் தனித்தனியாக, தினமும் அளந்து விடுவார்கள். ஒன்றாகக் கலந்தால் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும். வீடு கட்டச் செங்கல்லும் சிமெண்டும் வேண்டும் அல்லவா? அது போலத்தான் இந்த ஜோடி.

வசதி உள்ளவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குழாய் போன்ற ஒரு கூட்டில் செத்த பவளத் துண்டுகளை நிரப்பி, அதற்குள் சோடா பாட்டிலில் அடைக்கும் அதே கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். தண்ணீர் லேசாகப் புளிப்பாகும். பழைய பவளம் மெல்லக் கரையும். கரைந்த சத்து தொட்டிக்குப் போகும். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுகிற கதை!

ஜன்னலுக்கு வெளியே ஒரு டியூப்

சோதனைக்காரர்கள் கண்டுபிடித்த இன்னொரு விஷயம் வேடிக்கையானது.

குளிர் நாட்டு வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கும். நாலு பேர் மூச்சு விடுவார்கள். சமையல் அடுப்பும் எரியும். அறையில் கரியமில வாயு சேரும். அது தொட்டித் தண்ணீரில் கரைந்து காரத்தைக் குறைத்துவிடும். காரம் குறைந்தால் பவளம் வீடு கட்டச் சிரமப்படும். தொட்டியில் எல்லாச் சத்தும் சரியாக இருந்தும், வளர்ச்சி மட்டும் மந்தம்!

என்ன செய்தார்கள்? தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரத்தில் ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறு முனையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள். வெளிக் காற்று வந்தது. காரம் ஏறியது. வளர்ச்சியும் சூடு பிடித்தது. சில ரூபாய் டியூபில் தீர்ந்தது விவகாரம்!

விளக்கு போட்டால் வேகம்

பவளத்தின் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து, வாடகை மாதிரி வீட்டுக்காரப் பவளத்துக்குக் கொடுக்கும். வயிறு நிறைந்தால் வேலை ஓடாதா? இருட்டில் கட்டுவதைவிட வெளிச்சத்தில் பவளம் சராசரியாக 3 மடங்கு வேகத்தில் சுண்ணாம்பு கட்டுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

அப்படியானால் விளக்கை இன்னும் கூட்டினால்? இங்கேதான் பல பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அளவுக்கு மிஞ்சிய வெளிச்சமோ சூடோ பட்டால், அந்தப் பாசியையே பவளம் வெளியே துரத்திவிடும். நிறம் போய் எலும்பு போல வெளுத்துவிடும். சோறு போடுகிற குடித்தனக்காரனைத் துரத்திய வீட்டுக்காரன் கதிதான். சில வாரங்களில் பட்டினிச் சாவு!

அதனால் புது விளக்கு மாட்டினால், முதலில் குறைந்த வெளிச்சம். பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

சாப்பாடு கொடுப்பதிலும் இதே கதை. குஞ்சு இறால் போன்ற இரையைக் கொஞ்சமாகக் கொடுத்தால் வளர்ச்சி கூடும். அள்ளிக் கொட்டினால் மிச்சம் அழுகி, பாஸ்பேட் என்னும் உப்பு ஏறும். பாஸ்பேட் ஏறினால் சுண்ணாம்பு கட்டும் வேலை தடைப்படும்.

தண்ணீரும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பவளத்துக்குக் கால் இல்லை. சத்தைத் தேடிப் போக முடியாது. அலைதான் சத்தைக் கொண்டு வர வேண்டும், கழிவைக் கொண்டு போக வேண்டும். அதற்காகத் தொட்டியில் சின்னச் சின்ன மோட்டார் வைத்து அலை உண்டாக்குகிறார்கள்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகு எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். ஏற்றத்தாழ்வு கூடாது! கொஞ்சம் குறைவாக இருந்தாலும் தினமும் ஒரே அளவு. இன்று விருந்து, நாளை பட்டினி என்றால் கிளையின் நுனி கருகிப்போகும்.

மெய்யான சோதனை எது?

"என் மருந்தைப் போட்டால் இரண்டு மடங்கு வளரும்" என்று விளம்பரம் செய்து பாட்டில் விற்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. அதை நம்பாத கில்லாடிகள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

ஒரே தாய்ப் பவளத்தில் இருந்து சம அளவில் துண்டு எடுப்பார்கள். பாதியை ஒரு தொட்டியில் வைப்பார்கள். மீதியை இன்னொன்றில் வைப்பார்கள். விளக்கு, அலை, சூடு எல்லாம் ஒன்றே. மாற்றம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே வைத்து எடை போடுவார்கள். சதையின் எடை தண்ணீரில் ஏறக்குறைய கழிந்துவிடும். சுண்ணாம்பின் எடை மட்டும் தெரியும். மாதா மாதம் குறித்து வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

கையில் ஒடிந்த பவளம்

இப்போது ரம்பத்தின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவின் தென்கோடியில் புளோரிடா தீவுகள். அங்கே சம்மர்லேண்ட் கீ என்ற இடத்தில் மோட் கடல் ஆராய்ச்சிக் கூடத்தின் கிளை இருக்கிறது. அதன் தலைவராக இருந்தவர் டேவிட் வாகன்.

2006-ம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு தொட்டியில் இருந்து கடமான் கொம்புப் பவளத்தை இடம் மாற்றக் கையை விட்டார். அது தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். படக்கென்று ஒடிந்தது! இரண்டு மூன்று பூச்சிகள் மட்டும் கொண்ட ஒரு துணுக்கு அடியிலேயே தங்கிவிட்டது. "இது செத்தது" என்றுதான் நினைத்தார்.

சில நாள் கழித்துப் பார்த்தால், சாகவில்லை! பூச்சிகள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருந்தன. பெரிய பவளம் பல மாதத்தில் செய்யும் வேலையை, உடைந்த துணுக்கு சில நாளில் செய்துவிட்டது.

சும்மா விடுவாரா? வேண்டுமென்றே சின்னச் சின்னதாக வெட்டிப் பார்த்தார். வைரத்தூள் பூசிய பிளேடு மாட்டிய ரம்பத்தால், விரல் நகம் அளவுக்கு அறுத்தார்கள். வளர்ச்சி சாதாரண வேகத்தைவிட 25 மடங்கு முதல் 50 மடங்கு வரை இருந்ததாக வாகன் பிறகு கூறினார்.

காரணம் என்ன? நம் தோலில் வெட்டுக் காயம் பட்டால் உடம்பு அவசர அவசரமாகப் புதுத் தோல் உண்டாக்குகிறது அல்லவா? அதே மாதிரி. பவளம் வளருவது ஓரத்தில்தான். துண்டு சின்னதாக ஆக, ஓரம் அதிகமாகும். வளரும் இடமும் அதிகமாகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே தாயின் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தால், அவை வளர்ந்து முட்டிக்கொள்ளும்போது சண்டை போடுவதில்லை. "நீயும் நானும் ஒரே ரத்தம்" என்று ஒன்றாக இணைந்துவிடும்! வேறு தாயின் துண்டாக இருந்தால் யுத்தம்தான். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டும் ஆபரேஷன் மாதிரி, செத்த பாறையின் மேல் துண்டுகளை ஒட்டி முழுப் பாறைக்கும் உயிர்த் தோல் போர்த்தலாம். கிறிஸ்டோபர் பேஜ், ஹவாயின் ஜாக் போர்ஸ்மன் ஆகியோரும் வாகனும் சேர்ந்து இந்த முறை பற்றிய ஆய்வை 2015-ல் வெளியிட்டார்கள்.

ஒட்டுவதற்கு என்ன பசை தெரியுமா? பெட்டிக்கடையில் தொங்கும் பெவிக்விக் இருக்கிறதே, அந்த ஜாதியைச் சேர்ந்த கெட்டியான பசைதான்! வீட்டுத் தொட்டிக்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் பசை அது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. பவளம் முட்டையிடும் பருவத்துக்கு வர வயதைவிட உருவ அளவுதான் முக்கியம். உருண்டைப் பவளம் அந்த அளவுக்கு வளரப் பல பத்தாண்டு ஆகும். மோட் கூடத்தார் கடலில் ஒட்டிய துண்டுகள் 5 ஆண்டிலேயே, 2020-ல் முட்டையிட்டன!

கடல் கொதித்தது!

ஆனால் கதை இத்துடன் சுபம் இல்லை.

2023-ம் ஆண்டு கோடையில் புளோரிடாக் கடல் சூடேறியது. ஜூலை 24-ந் தேதி மானடி வளைகுடாவில் மிதந்த கருவி 38.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஜூரம் வந்த மனிதனின் சூடு அது! கரையோரம் ஆழம் குறைந்த இடம்தான் என்றாலும், வெளியே பாறைகள் உள்ள கடலும் தப்பவில்லை. ஆண்டுக் கணக்கில் பாடுபட்டு நட்ட பவளங்கள் கூட்டம் கூட்டமாக வெளுத்துச் செத்தன.

டேவிட் வாகனின் கையில் ஒடிந்ததே, அந்தக் கடமான் கொம்புப் பவளமும், அதன் உறவான கிளைப் பவளமும் புளோரிடாக் கடலில் "செயல் அளவில் அழிந்துவிட்டன" என்று 2025-ல் வெளியான ஆய்வு அறிவித்தது. அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கும். ஆனால் பாறை கட்டும் பலம் இனி இல்லை.

வேகமாக வளர்ந்த பவளம் வேகமாகவே போய்விட்டது! தண்ணீர் கொதித்தால் 25 மடங்கு வளர்ச்சி என்ன, 50 மடங்கு வளர்ச்சி என்ன?

ஒரே தாயின் துண்டுகள் என்பதிலும் ஆபத்து இருக்கிறது. தாயைக் கொல்லும் சூடு, பிள்ளைகள் அத்தனை பேரையும் கொல்லும். அதனால் முட்டையும் விந்தும் கலந்து பிறக்கும் புதுக் குஞ்சுகள் வேண்டும். லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் தொட்டிக்குள்ளேயே செயற்கை நிலா உதிக்க வைத்து, மாதத்துக்கு மாதம் சூட்டை மாற்றி, பவளத்தை ஏமாற்றி முட்டையிட வைத்தார்கள். அந்த முறையை 2017-ல் வெளியிட்டார்கள். 2019-ல் புளோரிடாவிலும் அப்படி ஒரு வெற்றி கிடைத்தது.

தொட்டி காப்பாற்றியது

சரி, 2023-ல் பிழைத்தவை எவை? முன்கூட்டியே கடலில் இருந்து எடுத்துக் கரைக்குக் கொண்டு வந்து தொட்டியில் வைத்தவைதான்!

வெள்ளத்தில் ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவது போல, ஆயிரக்கணக்கான பவளங்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே அவற்றுக்கு என்ன கொடுத்தார்கள்? அளவான விளக்கு, அசையும் தண்ணீர், குறையாத சுண்ணாம்புச் சத்து. எல்லாம் வீட்டு ஹாலில் ஆபீசு குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் காசு கரைத்துக் கற்றுக்கொண்ட பாடங்கள்!

"வேலையற்ற வேலை" என்று வீட்டில் திட்டு வாங்கிய பொழுதுபோக்கு, கடைசியில் அழியும் உயிருக்கு அடைக்கலம் ஆனது.

இங்கே வளர்க்கலாமா?

படித்துவிட்டு, "நாமும் ஒரு துண்டு வாங்கித் தொட்டியில் வைத்தால் என்ன?" என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை.

கூடாது! பாறை கட்டும் பவளம் அத்தனையும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு! உயிருள்ளதானாலும், அலமாரி அலங்காரத்துக்கு வைக்கும் செத்த துண்டானாலும் குற்றம் குற்றமே. 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும்.

கொளத்தூருக்கு வண்ண மீன் வாங்கப் போகும்போது "சார், பாரின் பவளம் இருக்கு" என்று யாராவது காதோடு சொன்னால், கேட்காத மாதிரி நடையைக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

நம் பவளம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. அங்குள்ள 21 தீவுகளும் சுற்றுக் கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் அந்தப் பாறையை வெட்டி வந்து காளவாசலில் போட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். பவளத்தை எரித்துச் சுண்ணாம்பு! அங்கே தொட்டிக்காரர்கள் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம்!

எரித்த ஊரிலேயே இப்போது நடவும் நடக்கிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் கட்டி வளர்த்து வருகிறார்கள். 2010-லும் 2016-லும் அங்கும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. பிழைத்தது போக மீதி இடத்தில் மறுபடியும் நட்டார்கள்.

துண்டை வெட்டி நட்டு வேகமாக வளர்க்கும் வித்தை மனிதனுக்குக் கைவந்துவிட்டது. கடல் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் வித்தைதான் பாக்கி!